பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர்?

"அரசாங்கம் இணையத்தில் கொட்டி வைத்திருக்கிற எண்களை வைத்துக்கொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது, தம்பி? வெங்காயம் விலை குறையுமா?"

ஜெலாப்பாங்கில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் ஒட்டுக்கடையில் ஓர் அங்கிள் கேட்டார். போன வாரம் திறந்த தரவு பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் மடக்கினார்.

சரி, வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகள் நாடு முழுவதும் பாசார்களிலும் பேரங்காடிகளிலும் மளிகைக் கடைகளிலும் விலைகளைக் குறித்துக்கொண்டு வருகிறார்கள். 'பிரைஸ் கேட்சர்' என்ற பெயரில் அவை வெளியாகின்றன. 2022 முதல் மாதத்துக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு வரியிலும் நான்கே விஷயங்கள்: தேதி, கடையின் எண், பொருளின் எண், விலை. எந்த எண் எந்தக் கடை, எந்தப் பொருள் என்று சொல்ல இன்னும் இரண்டு சிறிய கோப்புகள் உண்டு. இந்தியாவிலிருந்து வரும் பெரிய வெங்காயத்துக்குத் தனி வரியே இருக்கிறது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2024 மே மாதம்தான் எடுத்தது. அந்த மாதங்களின் கோப்புகளில் ஈப்போவை மட்டும் பிரித்துப் பார்த்தால், டில்லியில் எடுத்த முடிவுக்கும் நம் ரசத்துக்கும் உள்ள உறவு புரியும். விலை குறையாது, அங்கிள். ஆனால் இன்றைக்கு எந்தக் கடையில் எவ்வளவு என்று உங்கள் கைப்பேசியில் தமிழில் காட்ட முடியும். கணினி படித்த ஒரு பிள்ளைக்கு அது இரண்டு வார இறுதி வேலை.

அங்கிள் பாதிதான் சமாதானமானார். மீதிப் பாதிக்குத்தான் இந்த வாரக் கட்டுரை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். பார்க்கக் கிடைப்பது வேறு, எடுத்துப் பயன்படுத்தக் கிடைப்பது வேறு. ஓர் அறிக்கையைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ போட்டால் நாம் படிக்கலாம், அவ்வளவுதான். அதையே அட்டவணையாக, கணினி வாசிக்கும் கோப்பாக, 'மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்' என்ற உரிமத்தோடு போட்டால் அதற்குப் பெயர்தான் திறந்த தரவு. அரசின் திறந்த தரவுத் தளத்தில் இன்று இப்படிப்பட்ட கோப்புகள் வரிசையாக இருக்கின்றன. எந்த மாநிலத்தில் எந்த இரத்த வகையில் எத்தனை பேர் இரத்தம் கொடுத்தார்கள் என்பது கூட நாள் வாரியாக 2006 முதல் இருக்கிறது. கோயில் திருவிழாவில் இரத்த தான முகாம் நடத்தும் இளைஞர் சங்கங்கள் அதை ஒருமுறை பார்த்தால், முகாமை எந்த மாதத்தில் வைப்பது என்ற விவாதம் சீக்கிரம் முடியும்.

இதெல்லாம் என்றைக்கும் இப்படி இருந்ததில்லை. 1997 புகைமூட்டம் நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு பல ஆண்டுகள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்கள் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள் என்ற பயம். கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, ஆனால் எண் மட்டும் அரசாங்க இரகசியம்! 2005 ஆகஸ்டில் மறுபடியும் புகை மூடி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கும் அளவுக்குப் போனபோதுதான் அந்தப் பூட்டு திறந்தது. இன்றைக்கு ஈப்போவில் தாசேக், பெகோ நிலையங்களின் அளவை மணிக்கு மணி நாம் பார்க்கிறோம். ஆஸ்துமா பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு அந்த எண் ஒரு மருந்து மாதிரி.

கோவிட் காலம் இன்னொரு திருப்பம். முதல் ஓராண்டுக்கு மேல், சுகாதார அமைச்சின் அன்றாட அறிக்கையில் இருந்த எண்களைத் தன்னார்வலர்கள் கையால் தட்டித் தட்டி அட்டவணை ஆக்கினார்கள். 2021 ஜூலையில் அமைச்சே தன் தரவுகளை 'கிட்ஹப்' தளத்தில் கோப்புகளாகத் திறந்துவிட்டது. சில வாரங்களில் 'கோவிட்நௌ' தளமும் வந்தது. அந்த வேலையில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் தேவேஷ் தேவா என்ற தரவு அறிவியலாளர். நாட்டின் தேர்தல் முடிவுகளைத் திரட்டித் திறந்த தரவாகத் தருவதும் பின்னாளில் அவர் கைவேலைதான். நம் பிள்ளைகளிடம் மருத்துவர், வழக்கறிஞர் என்று சொல்கிற பட்டியலில் இந்த வேலையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி நம்ம ஊர்க் கதை.

கல்வி அமைச்சு நாட்டிலுள்ள பள்ளிகளின் பட்டியலை எக்செல் கோப்பாக வெளியிடுகிறது. பள்ளியின் பெயர், முகவரி, எந்த நாடாளுமன்றத் தொகுதி, எந்தச் சட்டமன்றத் தொகுதி, எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், வரைபடத்தில் அதன் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் வரிசையாக இருக்கும். ஓரத்தில் ஒரு பத்தி: 'எஸ்.கே.எம்.' 150 மாணவருக்கு மேல் இல்லாத, மாணவர் குறைந்த பள்ளி என்று அதற்கு அர்த்தம். பட்டியலைத் தமிழ்ப்பள்ளிகளுக்கு மட்டும் சுருக்கி, அந்தப் பத்தியில் அடையாளம் உள்ளவற்றைப் பாருங்கள். மனசு கொஞ்சம் கனக்கும்.

நாட்டில் 520க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். பேராக்கில் மட்டும் 130க்கு மேல். பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் 'லாடாங்', 'லாடாங்' என்று வந்துகொண்டே இருக்கும். லாடாங் எல்ஃபில், லாடாங் கிந்தா வேலி, லாடாங் கிந்தா கெல்லாஸ். இரப்பர் போய், செம்பனை வந்து, பல இடங்களில் வீடமைப்பும் வந்துவிட்டது. லயங்களில் இருந்தவர்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டார்கள். தோட்டத்தின் பெயர் பள்ளியின் பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது. பிள்ளைகள் ஓரிடம், பள்ளி ஓரிடம். சில பள்ளிகள் உரிமத்தோடு புதிய குடியிருப்புகளுக்கு இடம் மாறியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அந்த வாய்ப்பு கிடைத்துவிடவில்லை.

ஜெலாப்பாங்கில் குடியேறும் இளம் தம்பதிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இங்கிருந்து பக்கத்துத் தமிழ்ப்பள்ளி எது?" கேள்விக்கு விடை கிடைக்காதபோது என்ன நடக்கிறது தெரியுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளை போகும் பள்ளிக்கே இவர்கள் பிள்ளையும் போகிறது. அது தமிழ்ப்பள்ளியாக இருந்தால் சரி. இல்லையென்றால் ஒரு தமிழ்ப்பள்ளி, அப்படி ஒரு பிள்ளை இருந்ததே தெரியாமல், ஒரு மாணவரை இழக்கிறது.

ஆகவே நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்தோம். பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி, காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்யும் ஒரு தங்கை, ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர், பள்ளி வேன் ஓட்டும் ஓர் அண்ணன், நான். தாமானின் பெயரைத் தட்டினால் பக்கத்தில் இருக்கும் ஐந்து தமிழ்ப்பள்ளிகளைத் தூரத்தோடு தமிழில் காட்டும் ஒரு சின்னப் பக்கம். வேறு எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். செயலி கூட இல்லை, புலனத்தில் அனுப்பினால் திறக்கும் இணையப் பக்கம்தான்.

தூரம் என்பது லேசான சொல் அல்ல. வரைபடத்தில் நேர்கோடு போட்டால் கணினிக்கு எல்லாமே பக்கம்தான். ஜெலாப்பாங்கின் மேற்கே கிளேடாங் மலைத்தொடர் நிற்கிறது, ஊரை ஒட்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஓடுகிறது. நேர்கோட்டில் பக்கமாகத் தெரியும் இடத்துக்குச் சாலையில் போனால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எனவே சாலை வழித் தூரம் வேண்டும். அதற்குக் கை கொடுத்தது 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்'. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கி, உலகெங்கும் சாதாரண மனிதர்கள் தெருத்தெருவாக வரைந்து சேர்த்த திறந்த வரைபடம். நம் தாமானின் சந்து பொந்துகளைக் கூட யாரோ ஒரு புண்ணியவான் வரைந்து வைத்திருக்கிறார்.

பக்கம் தயாரானதும், பெற்றோர்களுக்குக் கொடுக்கும் முன் வேன் அண்ணனிடம் கொடுத்தோம். அவர் ஒவ்வொரு தாமானாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "கிலோமீட்டர் எல்லாம் சரிதான், தம்பி. ஆனால் நீ முதலில் காட்டுகிற பள்ளிக்கு அந்தத் தாமானிலிருந்து வேன் ஏது? இரண்டாவது பள்ளிக்குத்தான் வேன் இருக்கிறது" என்றார். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஷிஃப்டு வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு மூன்று கிலோமீட்டரா ஐந்து கிலோமீட்டரா என்பது கவலையே இல்லை. காலையில் வாசலுக்கு வேன் வருமா, மாதம் எத்தனை வெள்ளி, இரவு ஷிஃப்டு முடிந்து அவர் வருவதற்குள் பிள்ளை கிளம்பிவிடுமா என்பதுதான் கவலை. இந்த எண்கள் எந்த அமைச்சின் கோப்பிலும் இல்லை. வேன் அண்ணன்களின் தலைக்குள் இருக்கின்றன. அன்றைக்கே 'வேன்' என்று ஒரு பத்தி சேர்த்தோம். திறந்த தரவு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அரசாங்கத்திடம் கேட்பதைப் பற்றியே பேசுகிறார்கள். பாதி வேலை நம்மிடம் இருப்பதை எழுதி வைப்பதுதான் என்பது என் கட்சி.

பெரிய சண்டை வேறு இடத்தில் வந்தது. மாணவர் எண்ணிக்கையைக் காட்டுவதா வேண்டாமா?

"காட்டாதே" என்றார் தலைமையாசிரியர், கொஞ்சம் சூடாகவே. "நாற்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று எழுதினால் எந்த அப்பா சேர்ப்பார்? அடுத்த வருஷம் முப்பதாகும். நீயே பூட்டு வாங்கிக் கொடுக்கிற மாதிரி." தங்கை விடவில்லை. "சார், எண் ஏற்கெனவே அமைச்சின் கோப்பில் இருக்கிறது. நாம் மறைத்தால், பெற்றோர் நம்மை எப்படி நம்புவார்கள்?"

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஓர் எண்ணை வெளியிடுவது என்பது உலகத்தைத் தொடாமல் படம் பிடிப்பது போன்றதல்ல. வெளியிட்ட மாத்திரத்தில் அந்த எண்ணே மாறத் தொடங்கிவிடும். தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகளுக்கு வரிசை போட்ட ஊர்களில் எல்லாம் இது நடந்திருக்கிறது. கடைசியில் பாலிடெக்னிக் தம்பிதான் வழி கண்டான். அதே கோப்பில் ஆசிரியர் எண்ணிக்கையும் இருக்கிறது. மாணவர் எண்ணை ஆசிரியர் எண்ணால் வகுத்தால், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று வரும். சிறிய பள்ளிகளில் அந்த எண் பளிச்சென்று சிறியதாக இருக்கிறது. நகரத்தில் உள்ள பெரிய பள்ளியில் கிடைக்காத கவனம் அங்கே பிள்ளைக்குக் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். தலைமையாசிரியர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பயம் வீண் பயம் என்று சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை. ஒரு பள்ளியைக் காப்பாற்ற எண்ணை மறைப்பது நீண்ட நாள் நிற்காது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளியில் முப்பது வருஷம் நின்று பாடம் நடத்தியவர் அவர், நான் இல்லை.

தூரத்தை அளந்து உயிரைக் காப்பாற்றிய ஒரு பழைய கதையும் நம் சமூகத்துக்கு உண்டு. நூறு வருஷத்துக்கு முன் இங்குள்ள தோட்டங்களில் மலேரியாவால் நம் முன்னோர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களில் 60 பேருக்கு மேல் அந்த ஓராண்டில் மட்டும் இறந்தார்கள் என்று அரசின் கணக்கே சொல்கிறது. கிள்ளானில் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய், பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்து, எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம், லயத்துக்கும் சதுப்புக்கும் காட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அட்டவணை போட்டார். தூரம் கூடினால் வீக்கம் குறைந்தது. வாய்க்கால் வெட்டினால் எங்கே பலன், லயத்தை எங்கே மாற்றிக் கட்ட வேண்டும் என்று அந்த அட்டவணை சொன்னது. 1911இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். எண்ணப்பட்ட பிள்ளைகளின் தாய் தகப்பன்களுக்கு அந்த அட்டவணையைப் படிக்கத் தெரியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று மடிக்கணினியில் அதே தூரக் கணக்கைப் போடுகிறார்கள்.

கொசு இன்னும் நம்மை விட்டபாடில்லை. 2015இல் டிங்கியால் 336 பேர் இறந்தார்கள். 2019இல் ஒரு லட்சத்து 30 ஆயிரம் பேருக்குக் கண்டது. இருநூறு மீட்டர் வட்டத்துக்குள் பதினான்கு நாளில் இரண்டு பேருக்குக் கண்டாலே அதைத் தொற்றுப் பரவல் என்று கணக்கெடுக்கிறார்கள். முப்பது நாளுக்கு மேல் நீடித்தால் 'ஹாட்ஸ்பாட்'. எந்தத் தாமான் இந்தப் பட்டியலில் இருக்கிறது என்று 'ஐடிங்கி' தளத்தில் யாரும் பார்க்கலாம். எங்கள் தம்பியின் அடுத்த ஆசை, தாமான் பெயர் பட்டியலில் ஏறிய அன்றே தமிழில் ஒரு புலனச் செய்தி போக வேண்டும் என்பது. நல்ல ஆசைதான். ஆனால் வீட்டு எண் வரை போய்விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். 'அந்த வீட்டால்தான் வந்தது' என்று சொல்ல நம் தெருவில் ஆளுக்கா பஞ்சம்?

கோப்புகளில் இல்லாததையும் சொல்ல வேண்டும். புள்ளிவிவரத் துறையின் 'காவாசான்கூ' பக்கத்தில் ஜெலாப்பாங் சட்டமன்றத் தொகுதியைத் தட்டினால் மக்கள்தொகை, வயது, இனம், வருமானம் எல்லாம் வருகிறது. (ஒரு வேடிக்கை: ஈப்போவில் குடியிருந்தாலும் நாடாளுமன்றத் தேர்தலில் நாங்கள் பத்து காஜாவுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்.) மாவட்டக் கோப்பில் வயதையும் இனத்தையும் சேர்த்துப் பார்க்கலாம், கிந்தா மாவட்டத்தில் பள்ளி வயது இந்தியப் பிள்ளைகள் ஏறக்குறைய எத்தனை பேர் என்று கணக்குப் போடலாம். ஆனால் கிந்தா பெரிய மாவட்டம். தாமான் அளவுக்கு இறங்கினால் எண்கள் நின்றுவிடும். அதிலும் 'இந்தியர்' என்பது ஒரே பெட்டி. தமிழரும் தெலுங்கரும் மலையாளியும் சீக்கியரும் அதற்குள்ளேயே. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் என்று ஒரு பெட்டி கிடையவே கிடையாது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை எந்தப் பெட்டியிலும் கிடையாது. அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க இன்றைக்கும் ஒரே வழி, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதுதான். எங்கள் பக்கம் அவர்களுக்கு ஒன்றும் செய்யாது.

நாட்டு அளவில் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. மாநிலங்களில் பினாங்கும் சிலாங்கூரும் தங்களுக்கென்று சட்டம் இயற்றிவிட்டன. அது ஒரு பக்கம் நடக்கட்டும். திறந்திருக்கும் கோப்புகளையே நாம் இன்னும் சரியாகத் திறந்து பார்க்கவில்லை. 2011 முதல் இந்த நாட்டில் இதே வேலையைச் செய்துவரும் 'சினார் புரோஜெக்ட்' போன்ற குழுக்களில் நம் இளைஞர்கள் இன்னும் நிறைய பேர் சேரலாம். அல்லது எங்களைப் போல் ஐந்து பேராக உட்காரலாம். உட்காரும்போது கணினி தெரிந்தவர்கள் இரண்டு பேர் போதும். மீதி மூன்று பேர் தலைமையாசிரியராக, தாதியாக, வேன் ஓட்டுநராக இருக்கட்டும். கோப்பைத் தேடிவிட்டுக் கேள்வியைத் தேடாதீர்கள். உங்கள் தாமானில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டால், அதிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் பக்கத்தில் இப்போது ஜெலாப்பாங், சிலிபின், மேரு வட்டாரத் தாமான்கள் மட்டும்தான் இருக்கின்றன. வேன் பத்தியில் பாதிக் கட்டங்கள் காலி. வரும் ஞாயிறு காலை சிம்மோர் பக்கம் வேன் ஓட்டும் இரண்டு பேரை அண்ணன் அழைத்து வருகிறார். அவர்களுக்காகத் தம்பி ஒரு வட்டார வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து வைத்திருக்கிறான். சிவப்பு மார்க்கர் வாங்கும் பொறுப்பு என்னுடையது.